மழைக்காலப் புண்ணும் புனேயின் ஆய்வுக்கூடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பம்பாய் மாகாண அரசு மலையேறிப் புனேவுக்கு வந்துவிடும். கடற்கரையின் புழுக்கத்துக்கும் விடாமழைக்கும் தக்காணப் பீடபூமியின் தூறலே மேல் என்று கவர்னரும் அதிகாரிகளும் கருதினார்கள். அவர்களோடு குதிரைகளும் வந்தன. வந்த இடத்தில் குதிரைகளுக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. பீமா நதிப் பள்ளத்தாக்கில் வளர்ந்த பீம்தடிக் குதிரைகள்தான் மராட்டியப் படைகளின் முதுகெலும்பு. 1817 நவம்பர் 5ஆம் நாள் கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்ற பிறகு ஊரை ஒட்டி கண்டோன்மென்ட் எழுந்தது. குதிரைப்படையும் பீரங்கி வண்டிகளை இழுக்கும் குதிரைகளும் அங்கே நிலைகொண்டன. 1830இல் பந்தய மைதானமும் வந்தது. புனேயின் பந்தயப் பருவம் இன்றும் மழையோடுதான் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடிவுக்கு வருகிறது. ஈரத் தரை, குவிந்த லத்தி, தேங்கிய நீர், மொய்க்கும் ஈ, இவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட குதிரைகள்: இந்தியச் சமவெளியெங்கும் இருந்த ராணுவ லாயங்களின் மழைக்காலத் தோற்றம் இதுதான்.

அந்த லாயங்களில் மழையோடு வந்து மழையோடு போகும் ஒரு புண் இருந்தது. குதிரைக்காரர்கள் அதைப் பர்சாத்தி என்றார்கள். மழைக்கால நோய் என்பதற்கு மேல் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. கண்ணின் உள்முனையிலோ, உதட்டோரத்திலோ, குளம்புக்கு மேலோ, வயிற்றடியிலோ சிறு வீக்கமாகத் தொடங்கும். சில நாட்களில் உடைந்து, சிவந்த சதை வெளியே பொங்கி வளரும். அரிப்புத் தாங்காமல் குதிரை அந்த இடத்தைத் தானே கடித்துக் குதறும். சதையைக் கீறினால் உள்ளே மஞ்சளும் சாம்பலுமாகக் கெட்டிக் கட்டிகள் இருக்கும். தக்காணத்து மண்ணில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லின் பெயரால் அவற்றைக் கங்கர் என்றார்கள். உலகெங்கும் உள்ள கால்நடை மருத்துவப் பாடநூல்கள் இன்றும் அந்தக் கட்டிகளை அதே பெயரில்தான் அழைக்கின்றன. குளிர்காலம் வந்தால் புண் சுருங்கி ஆறத் தொடங்கும். அடுத்த மழைக்குப் பழைய தழும்பே மறுபடி திறந்துகொள்ளும். இரண்டு மூன்று மழைக்காலம் இப்படிப் போனால் குதிரை பயனற்றது என்று கழிக்கப்படும்.

இந்தப் புண்ணின் காரணத்தைக் கண்டுபிடிக்க, முறையான ஆராய்ச்சி தொடங்கிய பிறகும் நூறாண்டு பிடித்தது. கண்டுபிடித்தபோது அது ஒரு நோயே அல்ல, இரண்டு நோய் என்று தெரிந்தது. ஒன்று ஈ கொண்டுவரும் புழுவால் வருவது. மற்றது தேங்கிய நீரில் நீந்தும் நுண்ணுயிரால் வருவது. இந்த இரண்டு விடைகளுக்குமான முதல் தடயங்கள் புனேவிலிருந்து ஒரு நாள் பயணத்தில் எட்டக்கூடிய பம்பாயில் 1861ஆம் ஆண்டுக்குள்ளேயே அச்சில் இருந்தன. ஆனாலும் விடை கிடைத்தது பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜாவாவிலும் நியூகினியிலும். இந்தத் தாமதத்துக்கு அக்காலக் கருவிகளின் குறை மட்டும் காரணமல்ல. ஒரு பெயருக்கு ஒரு கிருமிதான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும், புண்ணை அது தோன்றிய லாயத்திலிருந்து பிரித்து எடுத்து ஆராய்ந்த முறையும்தான் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பது என் வாதம்.

புனே இந்த வரலாற்றில் தற்செயலாக வந்த ஊர் அல்ல. 1862இல் ராணுவத்துக்கான கால்நடை மருத்துவப் பள்ளி ஒன்று அங்கே தொடங்கப்பட்டது, ஜே.எச்.பி. ஹாலன் அதை நடத்தினார். பின்னாளில் இந்திய மாட்டுக் கொள்ளைநோய் ஆணையத்துக்குத் தலைவரானவரும் அவர்தான். பள்ளியின் நோக்கம் படைப்பிரிவுகளுக்குச் சலோத்ரிகளைப் பயிற்றுவிப்பது. சலோத்ரி என்பவர் பரம்பரைக் குதிரை வைத்தியர். சாலிஹோத்திரர் என்ற முனிவரின் பெயரால் வழங்கும் வடமொழிக் குதிரை நூலோடு சேர்ந்து வந்த தொழில் அது. தமிழ் வாசகருக்கு இந்த மரபு அந்நியம் அல்ல. மராட்டியர் ஆண்ட தஞ்சையின் சரஸ்வதி மகால் நூலகத்தில் குதிரை மருத்துவச் சுவடிகள் உண்டு. நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாத்திரத்தை அந்த நூலகமே 1952இல் பதிப்பித்தது. 1886இல் பம்பாய்ப் பரேலில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது, அதன் முதல் முதல்வர் ஜான் ஹென்றி ஸ்டீல். சென்னை வேப்பேரியில் கல்லூரி தொடங்க 1903 ஆயிற்று. இவற்றுக்கு நடுவே, 1889 டிசம்பர் 9ஆம் நாள், புனே அறிவியல் கல்லூரியின் கட்டடத்தில் இம்பீரியல் பாக்டீரியாலஜிகல் லேபரட்டரி தொடங்கியது. இந்தியாவில் கால்நடை நோய்களுக்கென்றே அரசு நிறுவிய முதல் ஆய்வுக்கூடம் அது. ஆல்ஃபிரட் லிங்கார்டு அதன் தலைவராக வந்தார்.

அந்த ஆய்வுக்கூடம் எந்த நம்பிக்கையில் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1882ஆம் ஆண்டில் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அதே ஆண்டில் லோஃப்லரும் ஷூட்ஸும் குதிரைகளைக் கொல்லும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியைப் பிடித்தார்கள். கிளாண்டர்ஸின் தோல் வடிவத்துக்கு ஃபார்சி என்று பெயர். நிணநீர்க் குழாய் வழியே பொத்தான் கோத்ததுபோல் கட்டிகள் வரிசையாக எழும்பி, உடைந்து, சீழ் வடியும். பார்வைக்குப் பர்சாத்தியோடும், பூஞ்சையால் வரும் நிணநீர்க் குழாய் அழற்சியோடும் இதைக் குழப்பிக்கொள்ள இடமுண்டு. குழப்பினால் விபரீதம், ஏனென்றால் கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், தொற்றினால் அப்போது பிழைப்பது அரிது. 1890ஐ ஒட்டி ரஷ்யாவில் மாலீன் என்ற சோதனை மருந்து உருவானது. கிருமியின் சாற்றைக் குதிரைக்குச் செலுத்தினால், நோயுள்ள குதிரைக்கு வீக்கமும் காய்ச்சலும் வரும், இல்லாததற்கு வராது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான கால்னிங் அதே நோய்க்கு 1891இல் பலியானார். இந்தியாவில் 1899இல் கிளாண்டர்ஸ் மற்றும் ஃபார்சி சட்டம் வந்தது. நோயுற்ற குதிரையைப் பிடிக்கவும் கொல்லவும் அதிகாரிகளுக்கு உரிமை கிடைத்தது. கிருமி, சோதனை, சட்டம் என்று இருபது ஆண்டுகளுக்குள் ஒரு தோல் நோய் முழுமையாக வசப்பட்டது. அக்காலத்துக் கால்நடை மருத்துவர் ஒவ்வொருவர் மனத்திலும் இந்த வெற்றிதான் முன்மாதிரியாக நின்றிருக்கும். பர்சாத்திக்கும் இதே வழியில் ஒரு கிருமி கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

ஆனால் பர்சாத்தி அந்த வழிக்கு வரவில்லை. ரத்தம் சூடேறியது, மழைக்காலப் பசும்புல், புற்று, தொழுநோயின் ஒரு வடிவம் என்றெல்லாம் முன்பு பேசப்பட்டது. 1884இல் ஃபிரடெரிக் ஸ்மித் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், கங்கர் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து, இது பூஞ்சையின் வேலை என்று எழுதினார். ஸ்டீலோடு சேர்ந்து 1882இல் இந்தியாவின் முதல் கால்நடை மருத்துவக் காலாண்டிதழைத் தொடங்கியவர் அவர். அவர் பார்த்த குதிரைகளுக்கு அவர் சொன்னது ஏறத்தாழ சரி. லிங்கார்டு வேறு திசையில் போனார். புனேயில் அவருடைய முதல் பெரிய வேலை சுர்ரா பற்றியது. குதிரையின் ரத்தத்தில் நெளியும் ஒட்டுண்ணியால் வரும் காய்ச்சல் அது. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் தேரா இஸ்மாயில் கானில் கண்டுபிடித்தது. ரத்தத்தைப் பார்த்துப் பழகிய கண் பர்சாத்திக்கும் ரத்தத்தையே பார்த்தது போலும். குதிரைகளின் ரத்தத்தில் திரியும் ஃபைலேரியா நுண்புழுக்களுக்கும் பர்சாத்திக்கும் தொடர்பு உண்டு என்று 1905ஐ ஒட்டி ஒரு தனி நூலே வெளியிட்டார். புழு என்று நினைத்ததில் அவரும் ஏறத்தாழ சரி. பார்த்த புழுதான் வேறு. ஆக, ஒருவர் பூஞ்சை என்றார், ஒருவர் புழு என்றார், இருவரும் பாதிப் பாதி உண்மையைப் பிடித்திருந்தார்கள். ஒரே பெயரில் இரண்டு நோய் இருக்கலாம் என்ற எண்ணம் வந்திருந்தால் இருவரின் குறிப்புகளும் ஒன்றையொன்று மறுத்திருக்காது, நிறைவு செய்திருக்கும்.

அப்படி எண்ணுவதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை, அதுவும் பம்பாயிலேயே. ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர் 1858இல் பம்பாய்க்கு வந்தார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்தவர் இவர்தான். வந்தவுடன் அவர் கவனத்தைப் பிடித்தது மதுரைக் கால் என்று உலகம் அழைத்த நோய். வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் பாதம் வீங்கி, துளை விழுந்து, அதன் வழியே கறுப்பு மணிகளோ வெள்ளை மணிகளோ வெளிவரும். மதுரை மருந்தகத்தில் 1842இல் கில் என்பவர் அதைப் பதிவு செய்திருந்தார். மணிகளுக்குள் பூஞ்சை இழைகள் இருப்பதைக் கார்ட்டர் 1860 முதல் எழுதினார். சதைக்குள் கெட்டி மணி, மணிக்குள் பூஞ்சை என்ற அமைப்பு அப்போதே அச்சில் வந்துவிட்டது. கறுப்பு மணியும் வெள்ளை மணியும் வெவ்வேறு உயிர்களால் வரலாம், சில பூஞ்சையாலும் சில பாக்டீரியாவாலும், என்பது பிறகு உறுதியானது. ஒரே தோற்றம், ஒரே பெயர், வெவ்வேறு காரணம் என்பதற்கு மதுரைக் காலைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே பம்பாயில், அதே ஆண்டுகளில், அதே குடும்பப் பெயரோடு இன்னொரு மருத்துவர் இருந்தார்: ஹென்றி ஜான் கார்ட்டர், இயற்கை ஆராய்ச்சியில் நாட்டம் கொண்டவர். 1861இல் பம்பாய் வீட்டு ஈக்களை அறுத்துப் பார்த்து, அவற்றின் தலைக்குள் சிறு புழுக்கள் குடியிருப்பதைக் கண்டு, பெயரிட்டு வெளியிட்டார். அந்தப் புழு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே அவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார். அந்தக் குறிப்பு விலங்கியல் இதழில் ஐம்பது ஆண்டு கிடந்தது.

1913இல் அமெரிக்கரான ரான்ஸம் அந்த ஈப் புழுவின் முழு வாழ்க்கையையும் எழுதினார். அதன் முதிர்ந்த வடிவம் குதிரையின் இரைப்பையில் வாழ்கிறது. முட்டையும் இளம்புழுவும் லத்தியோடு வெளியே வரும். லத்தியில் வளரும் ஈயின் புழுக்கள் அவற்றைத் தின்னும். ஈ சிறகு முளைத்துப் பறக்கும்போது குதிரைப் புழு அதன் தலைக்குள் இருக்கும். ஈ குதிரையின் உதட்டில் உட்கார்ந்தால் புழு விழுங்கப்பட்டு இரைப்பைக்குப் போய்ச் சேரும், சுழற்சி முடியும். ஈ புண்ணிலோ கண்ணோரத்திலோ உட்கார்ந்தால் புழு அங்கே இறங்கிவிடும். அங்கே அது வளரவும் முடியாது, வெளியேறவும் முடியாது. உடல் அதை எதிர்த்துச் சதையைப் பொங்க வைக்கிறது. 1915இல் பிரேசிலில் டெகஸோவும், 1916இல் ஆஸ்திரேலியாவில் புல்லும், கோடைப் புண் என்று அழைக்கப்பட்ட இதே புண்ணை இந்தப் புழுவோடு சேர்த்தார்கள். மறுபாதி இன்னும் மெதுவாக வந்தது. 1901இல் ஜாவாவில் டி ஹானும் ஹூக்காமரும் கங்கர் கட்டியிலிருந்து இழை இழையாக வளரும் உயிரைத் தனியே வளர்த்துவிட்டார்கள். ஆனால் அது எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1974இல் நியூகினியின் சதுப்பு நிலக் குதிரைகளை ஆராய்ந்த ஆஸ்ட்விக்கும் கோப்லண்டும், அது தண்ணீரில் நீந்தும் வித்துகளை வெளியிடுவதைக் கண்டு, அது பூஞ்சையே அல்ல, பித்தியம் என்ற நீர்வாழ் இனம் என்றார்கள். 1987இல் அதற்குப் பித்தியம் இன்சிடியோசம் என்ற பெயர் நிலைத்தது. தேங்கிய நீரில் நிற்கும் குதிரையின் காலிலும் வயிற்றடியிலும் உள்ள சிராய்ப்பைத் தேடி வந்து ஒட்டிக்கொள்வது இதன் இயல்பு.

இரண்டுக்கும் மழைதான் பொது. ஒன்றுக்கு மழையில் பெருகும் ஈ, மற்றதற்கு மழையில் தேங்கும் நீர். இன்று கால்நடை மருத்துவர் இரண்டையும் எப்படிப் பிரிக்கிறார் என்பதைக் கவனித்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். புண் கண்ணோரத்திலும் உதட்டோரத்திலும் ஆண்குறி உறையிலும் இருந்தால், அதாவது ஈரமுள்ள, ஈ விரும்பும் இடங்களில் இருந்தால், புழுவைச் சந்தேகிக்கிறார். காலிலும் வயிற்றடியிலும் இருந்தால், வேகமாகப் பரவினால், கட்டிகள் பவளம்போல் கிளைத்துப் பெரிதாக இருந்தால், பித்தியத்தைச் சந்தேகிக்கிறார். புழுப் புண்ணின் கட்டிகள் அரிசி மணி அளவில் நொய்யாக இருக்கும். பிறகுதான் சதைத் துண்டை நுண்ணோக்கிக்கு அனுப்புகிறார். குதிரை எங்கே நின்றது, எந்த இடத்தில் புண், சுற்றிலும் லத்தியா தண்ணீரா என்ற கேள்விகளே முதலில். இந்தக் கேள்விகளுக்கான விடை லாயத்தில் இருந்தவர்கள் அனைவருக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த சதைத் துண்டிலோ ரத்தத் துளியிலோ அது இல்லை.

இதற்கு முதல் மறுப்பு எளிது: இவையெல்லாம் பின்னாளின் அறிவோடு முன்னாளைக் குறைசொல்வது. 1861இல் ஈயின் தலையில் புழுவைக் கண்டவர், அது குதிரையின் புண்ணுக்குப் போகிறது என்று எப்படி நினைத்திருக்க முடியும்? பூச்சி நோயைச் சுமக்கும் என்பதையே 1877இல் மான்ஸன் கொசுவையும் யானைக்கால் புழுவையும் வைத்துத்தான் உலகுக்குக் காட்டினார். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. இன்னும் ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: பித்தியத்தின் இழைகள் வழக்கமான சாயத்தை ஏற்பதில்லை, வெள்ளிச் சாயம் பூசினால்தான் கறுப்பாகத் தெரியும், அந்த முறை இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவலானது. ஆகவே 1884இல் ஸ்மித் கண்டது அரிய சாதனை. ஆனால் மறுப்பு 1897க்குப் பிறகு வலுவிழக்கிறது. அந்த ஆண்டில் செகந்தராபாத்தில் ரோனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாவைக் கண்டார். 1893இலேயே அமெரிக்காவில் இன்னொரு ஸ்மித்தும் கில்போர்னும் மாட்டுக் காய்ச்சலை உண்ணி சுமப்பதை நிரூபித்திருந்தார்கள். பூச்சி சுமக்கும் என்பது தெரிந்த பிறகு, ஈ மொய்க்கும் மாதங்களில் மட்டும், ஈ மொய்க்கும் இடங்களில் வரும் புண்ணுக்கு, ஈயை அறுத்துப் பார்த்திருக்கலாம். 1905ஐ ஒட்டிய லிங்கார்டின் நூல் ரத்தத்தையே பார்த்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது. 1893இல் ஆய்வுக்கூடம் புனேயை விட்டு, குமாவோன் மலையில் ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் உள்ள முக்தேஷ்வருக்குப் போனது. ஆபத்தான கிருமிகளை ஊருக்கு நடுவே வைத்திருக்கக் கூடாது, குளிர்ந்த, ஒதுங்கிய இடம் வேண்டும் என்பதே காரணம். மாடுகளை ஊர் ஊராக அழித்துக்கொண்டிருந்த வெக்கை நோய் அங்கே ஆராயப்பட்டது. 1897இல் கோக்கே நேரில் வந்து பார்த்தார். 1920களில் எட்வர்ட்ஸ் அங்கே ஆட்டின் உடலில் பழக்கிய வெக்கைத் தடுப்பூசியை உருவாக்கினார். அந்த வேலையும் சேர்ந்த நெடிய முயற்சியின் முடிவாகத்தான் 2011இல் உலகமே வெக்கை நோயிலிருந்து விடுபட்டது என்று அறிவிக்க முடிந்தது. ஏழை உழவனின் ஏர்மாடு சாகும்போது அதிகாரியின் குதிரைக்கு வரும் புண்ணுக்கு முன்னுரிமை எப்படிக் கேட்பது? கேட்கக் கூடாது என்பதே என் விடையும். வெக்கையை முதலில் எடுத்தது சரி. ஆனால் புனேயில் ஒரு சிறு கிளையையாவது விட்டுவைக்காமல் போனதில் ஓர் இழப்பு உண்டு. தோல் நோய்களை மலையுச்சியில் இருந்து ஆராய முடியாது. அவை தோன்றும் சூழல் சமவெளியில் இருக்கிறது. இந்த இழப்பு குதிரைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மாட்டின் திமிலில் மழைக்காலத்தில் வெடிக்கும் திமில் புண்ணுக்கு ஒரு ஃபைலேரியா புழு காரணம் என்று 1936இல்தான் பாண்டே அசாமிலிருந்து எழுதினார். அதையும் ஈ வகை ஒன்றுதான் சுமக்கிறது. குதிரைப் புண்ணின் பாடம் 1916இலேயே படிக்கப்பட்டிருந்தால் மாட்டின் புண்ணுக்கு இன்னும் இருபது ஆண்டு ஆகியிருக்காது.

மூன்றாவது மறுப்பை எதிர்த்திசையிலிருந்து எதிர்பார்க்கிறேன். அப்படியானால் மழையை அறிந்திருந்த சலோத்ரியும் குதிரைக்காரனும் சொன்னதே போதும், ஆய்வுக்கூடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. சலோத்ரிகள் பர்சாத்திப் புண்ணைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள், மயில்துத்தம் வைத்தார்கள், பாதரசக் களிம்பு பூசினார்கள். ராணுவ மருத்துவர்களும் அதையே செய்தார்கள். குளிர்காலம் வந்ததும் புண் ஆறியது. எந்த மருந்தை வைத்தாலும் ஆறியது, வைக்காவிட்டாலும் பெரும்பாலும் ஆறியது. தானே தணியும் நோய் எல்லா வைத்தியருக்கும் நற்பெயர் வாங்கித் தரும். எந்த மருந்து வேலை செய்தது என்பதை மட்டும் மறைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இல்லாமல் இதிலிருந்து தப்ப வழியில்லை. மேலும், பருவம் மட்டும் தெரிந்தவருக்கு இரண்டு நோயும் ஒன்றாகவே தெரியும். சிகிச்சையோ முற்றிலும் வேறு. புழுப் புண்ணுக்கு 1981 முதல் ஐவர்மெக்டின் இருக்கிறது. ஓமுராவும் கேம்பெலும் 2015இல் நோபல் பரிசு பெற்றது அந்த மருந்துக்காகத்தான். பித்தியத்துக்கு அது உதவாது. பூஞ்சைக் கொல்லிகளும் உதவாது, ஏனென்றால் அவை தாக்கும் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பே அதன் உறையில் இல்லை. சீக்கிரம், ஆழமாக அறுத்து எடுப்பதும், அதன் சாற்றையே ஊசியாகப் போட்டு உடலின் எதிர்ப்பைத் திருப்புவதும்தான் வழி. தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் இதே உயிர் மனிதரின் கருவிழியில் புண் உண்டாக்குவது இப்போது அடிக்கடி தெரியவருகிறது. பூஞ்சைப் புண் என்று நினைத்து மருந்து விட்டுக்கொண்டிருந்து பார்வை போனவர்கள் உண்டு. ஒரு குதிரை நோயின் பழைய குழப்பம் மனிதக் கண்ணில் திரும்ப நேர்வதைப் பார்க்கும்போது, இந்த வரலாற்றைப் படிப்பது வெறும் ஏட்டுவேலை அல்ல என்பது புரியும்.

குதிரைகள் படையிலிருந்து விடைபெற்றதும் பர்சாத்தியைப் பற்றிய அக்கறையும் போனது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னுமாகக் குதிரைப்படைகள் டாங்கிகளுக்கு மாறின. சுதந்திர இந்தியாவில் முழுக்கக் குதிரையோடு நிலைத்த படைப்பிரிவு 1953இல் உருவான 61ஆவது குதிரைப்படை மட்டுமே. பீம்தடிக் குதிரைகள் தக்காணத்துத் தன்கர் இடையர்களின் மூட்டை சுமந்து ஆட்டு மந்தைகளோடு நடக்கின்றன. அவற்றின் புண்ணுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதுவோர் குறைவு. அடக்கியாயிற்று என்று நினைத்த கிளாண்டர்ஸ்கூட 2006இல் மகாராஷ்டிரத்தில் திரும்ப வந்தது. 1899ஆம் ஆண்டின் சட்டத்தை அதிகாரிகள் மறுபடி தூசிதட்ட வேண்டியிருந்தது.

புண்ணை அதன் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்கும் அதே தவறு இன்று மாட்டின் தோலில் நடக்க வாய்ப்பிருக்கிறது. தோல் கழலை நோய் 1929இல் இன்றைய ஜாம்பியாவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டபோது, பூச்சிக்கடி ஒவ்வாமை அல்லது நச்சுத் தழை என்று நினைத்தார்கள். பிறகுதான் வைரஸ் என்று தெரிந்தது. ஆனால் அந்த வைரஸைக் கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும்தான் சுமக்கின்றன என்பதால், முதலில் பூச்சியைச் சந்தேகித்தவர்கள் முழுத் தவறும் செய்யவில்லை. இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் நுழைந்து, 2022இல் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. மகாராஷ்டிரத்தில் அது பரவியபோது புனே ஔந்தில் உள்ள மாநிலக் கால்நடை உயிரிமருந்து நிறுவனத்தின் மேல் எல்லாருடைய கண்ணும் திரும்பியது. நெருங்கிய உறவுள்ள ஆட்டம்மை வைரஸின் தடுப்பூசி மாட்டுக்கும் ஓரளவு காப்பு தரும் என்பதால் அதைப் பெருமளவில் தயாரிக்கச் சொன்னார்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையமும், 1889இல் புனேயில் பிறந்த ஆய்வுக்கூடத்தின் இன்றைய வடிவமான இசத்நகர் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய லம்பி-புரோவேக் தடுப்பூசியின் தொழில்நுட்பமும் 2022 டிசம்பரில் புனே நிறுவனத்துக்குத் தரப்பட்டது.

தடுப்பூசி அவசியம், அதில் தயக்கம் கூடாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் கலந்த உருண்டையும், குப்பைமேனியும் வேம்பும் மஞ்சளும் காய்ச்சிய எண்ணெயும் புண்ணின் வேதனையைக் குறைத்து, ஈ மொய்ப்பதைத் தடுத்து மாட்டுக்கு இதம் தருகின்றன. அவற்றைக் கேலி செய்பவர்கள் புண்ணோடு நிற்கும் மாட்டின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆனால் தோல் கழலை கண்ட மாடுகளிலும் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே தேறிவிடும் என்பதால், எந்த மருந்தின் பலனையும் மருந்து கொடுக்காத மாடுகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். இன்னும் செய்யப்படாத வேலை கொட்டிலில் இருக்கிறது. எந்தத் தாலுகாவில் எந்த ஈ, எந்த மாதம், எந்தச் சாணக் குழியிலிருந்து பெருகுகிறது என்ற கணக்கைக் கால்நடைத் துறை மழைக்கு முன்பே எடுத்து, சாணத்தை மூடி மக்கவைக்க ஊராட்சிக்குப் பணமும் ஆளும் தர வேண்டும். நோய் அறிக்கையில் மாட்டின் வயதும் இனமும் எழுதப்படுகின்றன. அது கட்டப்பட்டிருந்த இடத்தையும் அதைச் சுற்றியிருந்த நீரையும் சாணத்தையும் எழுத ஒரு கட்டம் அதில் சேர்க்கப்பட்டால், அடுத்த மழைக்குள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றில் பாதி தெரிந்திருக்கும்.